நான்காம் பக்கம்

மூன்று பக்கம் மளமளவென்று நிரப்பிவிட்டேன்.
பிறந்த திகதி, சுகாதார அட்டை இலக்கம்,
நீந்தத் தெரியுமா: கொஞ்சம்.
கச்சான் ஒத்துவராதா: அப்படி இல்லை.
நித்திரையில் எழும்பி நடப்பாளா: இல்லை.
மாட்டிறைச்சி வேண்டாம்.

நான்காம் பக்கத்தில் ஒரே கேள்வி,
கீழே ஆறு கோடு.
வலிப்பு வரும்போது பிள்ளைக்கு என்ன நடக்கும்?
விவரிக்கவும்.

ஏஜாக்ஸில் யூன் மாத வெயில்
இரவு எட்டரைக்கும் குசினி மேசையை விட்டுப் போகவில்லை.
'தலைச்சுற்று எண்டு போடு, காணும்' என்றார் இவர்.
(முகாம் என்ற சொல் இவருக்கு வாயில் வராது.
கேம்ப் என்றுதான் சொல்வார்.)
ஐந்து வருசமாக அதைத்தான் சொல்லி வருகிறோம்,
கோயிலில், கலியாண வீடுகளில்,
கூடப் பிறந்த அக்காவிடமும்.
குளிசைகளை விட்டமின் போத்தலுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்,
வருகிறவர்களின் கண் அலமாரியில் மேயும் என்று.

ஆனால் ஹாலிபர்ட்டனில் ஒரு ஏரி இருக்கிறது.
ஏரிக்கு மழுப்பிக் கதைக்கத் தெரியாது.

அந்த இடத்துத் தாதி கோர்ட்னி போன வாரம் கதைத்தாள்.
எந்தப் பக்கம் இழுக்கும், எத்தனை நிமிடம்,
பிறகு எவ்வளவு நேரம் படுப்பாள்?
தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி
என்று கேட்கிற குரல்.
தண்ணீரில் இறங்கினால்
கை எட்டும் தூரத்தில் ஒருத்தி நிற்பாளாம், சிவப்புத் தொப்பியோடு.
'அவள் எதைப் பார்க்கவேண்டும் என்று எழுதுங்கள்.'

எழுதினேன்.
கண் இடப்பக்கம் போகும். வலக்கை துடிக்கும்.
இரண்டு நிமிடம். ஒரு தடவை நான்கு.
அந்த நான்கை மைக்ரோவேவ் மணிக்கூட்டில் எண்ணினேன்.
இன்றைக்கும் பால் சூடாக்கும்போது
திரும்பி நின்றுகொள்வேன்.

ஆருஷா காலுறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்,
பதினாறு காலுறை, கறுப்பு மார்க்கர்.
எழும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.
'இது பிழை அம்மா. நான் விழமுதலே அது துவங்கிடும்.'
பேனையைப் பறித்தாள்.

முதலில் சத்தமெல்லாம் தூரப் போகும்.
வாயில் குத்திக்காசு ருசிக்கும்.
அப்போது நான் கீழே இருந்துவிடுவேன், தூக்கி நிறுத்தவேண்டாம்.
கபினில் உள்ளவர்களுக்கு நானே சொல்லுவேன்.
தயவுசெய்து என் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டாம்.
சில வேளை எனக்குக் கேட்கும்.
பதில்தான் சொல்ல ஏலாது.

கோடு முடிந்து
கடைசி இரண்டு வரியும் ஓரத்தில் ஏறிப் போயின.

ஐந்து வருசம்.
ஆருஷா, ஆருஷா, என்ர குஞ்சு, அம்மாவைப் பார்,
பார் எண்டுறன், பார்.
கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

நான் கையெழுத்து வைத்தேன்.
இவர் குழாயைத் திறந்து
கழுவியிருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

ஞாயிறு காலை, மோல் வாகனத் தரிப்பிடம்.
மூக்கில் அடிக்கிற மருந்து இரண்டு, ஆரஞ்சுப் பையில்,
கைக்குக் கை கொடுக்கவேண்டும் என்று விதி.
அடுத்த தெரு புனிதமலர் கண்டுவிட்டா:
'ஏன், உங்கட பிள்ளைக்கு மட்டும் ஒரு தனிப் பை?'
இவர் தொண்டையைச் செருமினார்.
'வலிப்பு' என்றார்.
பிறகு இரண்டு பேரும் பெற்றோல் விலை கதைத்தார்கள்.
பஸ் கண்ணாடிக்குப் பின்னால் அவள்
யாருக்கோ தன் காலுறையைக் காட்டிச் சிரித்தாள்.
எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

போன் வராவிட்டால் சுகம் என்று அர்த்தமாம்.
வரவில்லை.
அப்படிப்பட்ட மௌனத்தோடு எப்படிச் சமைப்பது, எப்படிப் படுப்பது?
இரண்டாம் இரவு வெறுங் கட்டிலடியில் போய் நின்றேன்.
பெயர் வாய்க்கு வந்தது.
மெதுவாகச் சொன்னேன், ஒரே தரம்.

அடுத்த வெள்ளி, பென்சில் எழுத்தில் ஒரு தபாலட்டை:
நுளம்பு மருந்து முடிந்துவிட்டது.
ஓட்ஸ் கஞ்சி வாயில் வைக்க ஏலாது.
நேற்றுத் தோணி கவிழ்ந்து நான் தண்ணிக்குள் விழுந்தேன்.
பயப்படவேண்டாம், அது வரேல்லை.
சும்மாதான் விழுந்தேன்.